கலிபோர்னியாவின் ஹைட்ரஜன் நிலையங்களும் அரசாங்க உதவிநிதியும்

ஹைட்ரஜன் வாயுவினின்றும் எரிபொருள் கலத்தில் மின்சாரம் உண்டாக்கி ஓடும் வாகனங்களுக்கு வாயு நிரப்பும் நிலையங்களை அமைக்க, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா ராஜ்யம் அளித்துவரும் திரவிய சகாயம், இத்துறையில் நீண்ட சரித்திரம் உடையது. நிலையம் இல்லையேல் வாகனம் வாங்குவார் இல்லை, வாகனம் இல்லையேல் நிலையம் நிறுவுவார் இல்லை என்னும் சங்கடத்தைப் பொதுப்பணத்தால் தீர்க்கலாம் என்பதே இதற்கு ஆதாரமான எண்ணம்.

2004 ஏப்ரலில் கவர்னர் அர்னால்டு சுவார்ஸ்நெக்கர், 2010-க்குள் 'ஹைட்ரஜன் நெடுஞ்சாலை' அமைய வேண்டும் என்று உத்தரவிட்டார்; பிரகடனத்தின் ஆடம்பரத்துக்கு ஏற்ற நிரந்தர நிதி பின்னால் இல்லாமையால் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 2013-இல் கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையொப்பமிட்ட சட்டமே காரியத்துக்கு உயிர் கொடுத்தது. வாகனப் பதிவு முதலியவற்றின்மீது விதித்த சிறு கூடுதல் கட்டணங்களால் திரளும் நிதியிலிருந்து, குறைந்தது 100 நிலையங்கள் ஏற்படும்வரை, ஆண்டுதோறும் 2 கோடி டாலர் வரையில் ராஜ்யத்தின் எரிசக்தி ஆணையம் ஒதுக்கலாயிற்று.

நிறுவுவதற்குப் பணம் கிடைத்தது. நடத்துவதோ வேறு விஷயம். வாயு 700 பார் அழுத்தத்தில், பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கப்பட்டு வண்டிக்குள் செலுத்தப்படுவதால், ஈரக்காற்றுள்ள நாட்களில் குழாய்முனை உறைந்து வண்டியோடு ஒட்டிக்கொள்ள, அது இளகும்வரை வண்டிக்காரர் கைகட்டி நிற்பதும் உண்டு. அமுக்கி இயந்திரம் பழுதுபட்டால் நிலையமே மூடிக்கிடக்கும். 2019 ஜூனில் சாண்டா கிளாராவில் வாயு டாங்கர்கள் நிரப்பப்படும் இடத்தில் நேர்ந்த வெடிவிபத்தோ, சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தையே தட்டுப்பாட்டில் ஆழ்த்தியது.

அவ்வாண்டு முதல் அமலுக்கு வந்த வேறொரு சகாயம், இவ்விஷயத்தில் மிகச் சாமர்த்தியமானது என்று கூறலாம். கரிமம் குறைந்த எரிபொருளுக்கு அளிக்கப்படும் மதிப்புப் புள்ளிகள், விற்ற வாயுவுக்கு மட்டுமின்றி, விற்பதற்குத் தயாராக இருந்தும் விற்காமற்போன கொள்ளளவுக்கும் வழங்கப்பட்டன. நிலையம் பழுதாகி நின்ற நேரத்துக்கேற்பப் புள்ளிகள் குறைந்தன. எனினும், 2020-இல் ஏறத்தாழ 200 டாலருக்கு விலைபோன புள்ளி, 2023-இல் அதன் பாதிக்கும் கீழே இறங்கிவிடவே, அவ்வருமானமும் சுருங்கிற்று.

2023 அக்டோபரில் மற்றொரு சட்டம் உதவிநிதியின் காலத்தை நீட்டித்தது. சில மாதங்களில், 2024 பிப்ரவரியில், ஷெல் நிறுவனம் வாயு வரத்தின் சிக்கல்களையும் சந்தை நிலைமையையும் காரணம் காட்டி, அங்கு கார்களுக்கென நடத்திவந்த ஏழு நிலையங்களையும் மூடிவிட்டது.