ஆஸ்துமாவின் உள்வகைகள் (வயது வந்தோரிடம்)

மூச்சுக்குழல்களின் உட்சுவர் நாட்பட்ட அழற்சியால் வீங்கி, தூசி, புகை, குளிர்காற்று போன்ற சிறு தூண்டலுக்கும் சுருங்கி, பின் தானாகவோ மருந்தாலோ விரியும் நோய் ஆஸ்துமா. தருமபுரி வட்டாரத்தில் இளைப்பு, இரைப்பு, வீசிங் எனப் பல பெயர்களில் சொல்லப்படும் தொல்லை இந்த ஒரே நோயால் மட்டும் வருவதில்லை. ஆஸ்துமாவுக்குள்ளும் காரணமும் மருந்துக்கு இணங்கும் தன்மையும் வேறுபட்ட பல வகைகள் உண்டு.

மூச்சு நோய்களை வகைபிரிக்கும் முயற்சி பழமையானது. சரக சம்ஹிதை சுவாச நோயை ஐந்தாகப் பிரித்தது. அவற்றுள் தமக சுவாசமே இன்றைய ஆஸ்துமாவுக்கு நெருங்கியது. இருபதாம் நூற்றாண்டில் பாஸ்டன் மருத்துவர் பிரான்சிஸ் ராக்கமன் ஒவ்வாமையால் தூண்டப்படும் புறக்காரண ஆஸ்துமாவையும், தூண்டும் பொருள் எதுவும் புலப்படாமல் பெரும்பாலும் நடுவயதில் தொடங்கும் அகக்காரண ஆஸ்துமாவையும் வேறுபடுத்தினார். 1958இல் இங்கிலாந்தின் ஹாரி மாரோ பிரவுன், சளியை நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வாமையிலும் புழுத்தொற்றிலும் பெருகும் ஈசினோஃபில் என்னும் வெள்ளணு நிறைந்த நோயாளிகளே ஸ்டீராய்டு மருந்தால் தேறினர் என்று காட்டினார்.

ஆயினும் ஈசினோஃபிலைக் கொண்டு இளைப்பு நோய்களைப் பிரித்தறிவதில் தென்னிந்தியா இதற்கு முன்பே முக்கியமான ஓர் அடியை எடுத்து வைத்திருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளியின் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், பார்ட்டனும் டென்மார்க்கைச் சேர்ந்த பிரிமோட்-மொல்லரும், எக்ஸ்ரேயில் காசநோய் போலத் தோன்றினாலும் சளியில் கிருமி இல்லாமல், இரத்தத்தில் மட்டும் ஈசினோஃபில் மிகுந்திருந்த நோயாளிகளை 1940இல் விவரித்தனர். இரவில் வாட்டும் இருமலும் இரைப்பும் கொண்ட இந்நோய்க்கு மருத்துவர் வைங்கார்டன் 1943இல் வெப்பமண்டல ஈசினோஃபிலியா என்று பெயரிட்டு, ஆர்சனிக் மருந்தால் அது குணமாவதையும் பதிவு செய்தார். 1960இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவரும் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுக்களிலிருந்து எடுத்த திசுவில் யானைக்கால் நோயை உண்டாக்கும் வகையைச் சேர்ந்த புழுவின் இளம் நிலையான நுண்புழுக்களைக் கண்டு காட்டியதால், ஆஸ்துமா என்றே எண்ணப்பட்ட ஒரு நோய்க்கு உறுதியான காரணம் கிடைத்தது. அதற்குள் யானைக்கால் நோய்க்குத் தரப்படும் டையெத்தில்கார்பமசின் மாத்திரை ஆர்சனிக்கின் இடத்தைப் பிடித்திருந்தது. பின்னாளில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி. கே. விஜயன் பங்கேற்ற ஆய்வு, மூன்று வார மாத்திரைக்குப் பிறகும் சிலரின் நுரையீரலில் அழற்சி அடங்காமல் நீடிப்பதைக் கண்டது. இருமல் நின்றதும் சிகிச்சை முடிந்துவிட்டதாகக் கருத முடியாது என்பதற்கு இது வலுவான சான்று.

மேலைநாடுகளில் வகைப்பாடு 2000க்குப் பின் வேகம் பிடித்தது. 2008இல் இங்கிலாந்தின் லெஸ்டர் ஆய்வாளர்கள் நோய் தொடங்கிய வயது, உடற்பருமன், சளி அணுக்கள் முதலியவற்றைப் புள்ளியியல் முறையில் தொகுத்து, ஈசினோஃபில் மிகாத உடற்பருமன் சார்ந்த பிரிவு, நடுவயதில் தொடங்கி ஈசினோஃபில் மிகுந்த பிரிவு முதலியவற்றை இனங்கண்டனர். மெபோலிசுமாப் என்னும் எதிர்ப்புரத மருந்து எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாகத் தரப்பட்டபோது பெரும் பயன் தரவில்லை; ஈசினோஃபில் மிகுந்தோருக்கு மட்டும் தரப்பட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வுகளில் நோய் முற்றும் நிகழ்வுகள் குறைந்தன. எனினும் ஈசினோஃபில் மிகுதியை முடிவு செய்ய அந்நாடுகளில் வைத்திருக்கும் வரம்பெண்களை அப்படியே இங்கே கையாள்வது சரியன்று. குடற்புழுவும் நுண்புழுவும் அதே அணுவைப் பெருக்குவதால், அவற்றை முதலில் விலக்கிய பின்னரே இரத்தப் பரிசோதனை எண் பொருள் தரும்.

தருமபுரி மாவட்டத்தில் தொழிலையும் வீட்டுப் புகையையும் சேர்த்தே நோயின் வகையைத் தேட வேண்டியிருக்கிறது. மல்பெரி பயிரும் பட்டுப்புழு வளர்ப்பும் பரவியுள்ள இங்கு, வளர்ப்பு மனையில் தூவும் சுண்ணாம்பும் தெளிக்கும் பிளீச்சிங் பவுடரும் மூச்சுக்குழலை எரிச்சலூட்டக் கூடியவை. பட்டுப்புழு முட்டைகளை உற்பத்தி செய்யும் வித்தகங்களில் பறக்கும் அந்துப்பூச்சிச் செதிலும், கூடுகளை வேகவைக்கும்போது ஆவியோடு எழும் பட்டுப் புரதமும் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியவை. இலங்கையின் பட்டுத் தொழிலாளரிடையே ஆஸ்துமா இருப்பதை உரகொடவும் விஜேகூனும் 1991இல் பதிவு செய்தனர். விறகடுப்பின் புகையோ வேறு நோயிலும் கொண்டு விடக் கூடும். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, முழுமையாக மீளாத மூச்சடைப்பு நோயை 2.44 விழுக்காட்டினரிடம் கண்டது. அது ஆஸ்துமா என்றே பெயர் பெற்றுவிடுவதைத் தவிர்க்க, மூச்சுக்குழலை விரிக்கும் மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதச் செய்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி உதவும். தொழில்சார் ஆஸ்துமா என்று ஐயம் எழுந்தால், கையடக்கமான பீக் ஃப்ளோ மீட்டரில் நாளுக்குப் பலமுறை ஊதி, வேலை நாள்களிலும் விடுப்பு நாள்களிலும் சில வாரங்கள் குறித்து வைக்கும் அளவுகள் ஒப்பிடப்படுகின்றன. வேலையில் குறைந்து விடுப்பில் மீண்டும் ஏறும் கோடு, நோயாளியின் தொழிலிடத்தில்தான் காரணத்தைத் தேட வேண்டும் என்பதைக் காட்டும்.