இரண்டாண்டுக் கல்லூரியும் அதன் பழைய மாணவரும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் சமுதாயக் கல்லூரி என வழங்கப்படுவது, பள்ளிப் படிப்பை முடித்தோர் இரண்டாண்டு பயின்று தொழிற்சான்றிதழோ இணைப்பட்டமோ பெறுவதற்கும், விரும்பினால் அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் நேரே சேர்வதற்கும் வழிசெய்யும் கல்வி நிலையமாகும். இக்கல்லூரிகள் தம் பழைய மாணவரைக் கொடையாளராகக் கண்டு சிறப்பிக்கும் வழக்கம் மிகவும் பிற்பட்டது. யேல் பல்கலைக்கழகம் 1890இலேயே பழைய மாணவர் நிதியைத் தொடங்கிவிட்டதை நோக்க இத்தாமதம் வியப்பளிக்கலாம். ஆயின் அதற்குக் காரணம் மாணவரின் நன்றியின்மை அன்று, கல்லூரிகள் தோன்றிய முறையே ஆகும்.

1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், பள்ளிக் கண்காணிப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் வகுத்த திட்டப்படி ஆறு மாணவருடன் தொடங்கிய முதல் பொது இளநிலைக் கல்லூரி (சமுதாயக் கல்லூரியின் அன்றைய பெயர் இது), உயர்நிலைப்பள்ளியின் ஓர் அங்கமாகவே நடந்தது. கலிஃபோர்னியாவின் 1907ஆம் ஆண்டுச் சட்டமும், உயர்நிலைப்பள்ளிகளே மேல்வகுப்புகளை நடத்திக்கொள்ள இசைவளித்ததே அன்றித் தனிக் கல்லூரி எதையும் நிறுவவில்லை. செலவின் பெரும்பகுதி பள்ளி மாவட்டத்தின் சொத்து வரியிலிருந்து வந்ததால், ஊரில் வீடுள்ள ஒவ்வொருவரும் ஒருவகையில் கொடையாளராகவே இருந்தனர். தனிக்கொடைக்குப் பெருந்தேவையும் இல்லை, அதைப் பாராட்ட மேடையும் இல்லை.

இந்நிலையை மாற்றியது வரி பற்றிய ஒரு வாக்கெடுப்பு. 1978இல் கலிஃபோர்னிய வாக்காளர் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரிக்குக் கடும் வரம்பு விதித்தது; அதுவரை கட்டணமின்றிக் கற்பித்துவந்த அம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகள் 1984இல் முதன்முறையாகப் பாட அலகு ஒன்றுக்கு 5 டாலர் பெறத் தொடங்கின. அரசுப் பணம் சுருங்கச் சுருங்கக் கல்லூரி அறநிறுவனங்கள், அதாவது கல்லூரியிலிருந்து சட்டப்படி வேறாகப் பதிவுபெற்று, வரிச்சலுகையுடன் நன்கொடை திரட்டி, முதலைக் கரைக்காமல் அதன் வருவாயிலிருந்து உதவித்தொகை வழங்கும் அமைப்புகள், நாடெங்கும் முக்கியத்துவம் பெற்றன.

யாரிடம் கேட்பது என்பதே அவற்றுக்கு முன் நின்ற முதற் சிக்கல். பகலில் வேலை பார்த்து மாலையில் ஓரிரு பாடம் மட்டும் படித்தவரும், பட்டம் பெறாமலே விலகியவரும் மிகுந்த இடத்தில், இன்ன ஆண்டு வகுப்பினர் என்று திரட்டுவதற்கே வழியில்லை. பட்டப்படிப்பை வேறிடத்தில் முடித்தவரோ, தம்மை அப்பல்கலைக்கழகத்தின் பிள்ளையாகவே கருதினார். மோடெஸ்டோ இளநிலைக் கல்லூரியில் பயின்று, பின்னர்த் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை கற்ற ஜார்ஜ் லூகாஸின் அறநிறுவனம் 2006இல் 17.5 கோடி டாலர் வழங்கியது இரண்டாவதற்கே. திரைப்படப் பள்ளிக்கான அக்கொடையில் குறை காண இயலாது. எனினும் ஏணியின் எந்தப் படிக்கு நன்றி எளிதில் சென்று சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எனவே சமுதாயக் கல்லூரிகள் பாராட்டை முன்னும் வேண்டுகோளைப் பின்னும் வைத்தன எனலாம். புகழ்பெற்ற பழைய மாணவரின் படங்களைப் புகழ்மன்றம் என்ற பெயரில் நடைபாதைச் சுவரில் மாட்டுவதும், அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் சங்கம் சிறந்த பழைய மாணவர் விருது வழங்குவதும் கொடை வரும் வரை காத்திராத மரியாதைகள். சிறு தொகை தருவோர்க்கு முற்றத்தில் பதிக்கும் செங்கல்லில் பெயர் பொறிக்கப்படும். உதவித்தொகை நிறுவியோரை ஆண்டு விருந்துக்கு அழைத்து, அப்பணத்தில் படிக்கும் மாணவரை அதே மேசையில் அமர்த்துவர். நடிகர் டாம் ஹாங்ஸ் 2015இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், தம் வாழ்வுக்கு ஹேவர்டு நகரின் சாபோ கல்லூரியே காரணம் என எழுதியதையும் ஒரு கொடையாகவே கொள்ள வேண்டும். ஏனெனில் இத்தகைய கல்லூரிகளுக்குப் பணத்தைப் போலவே மதிப்பும் பற்றாக்குறையாக இருந்தது.

ஆயினும் பெருங்கொடைகள் பல வெளியிலிருந்தே வந்தன. 2008இல் கலிஃபோர்னியச் சமுதாயக் கல்லூரி மாணவரின் உதவித்தொகைக்காக 5 கோடி டாலர் அறிவித்த அறநிறுவனத்தின் நிறுவனர் பெர்னார்ட் ஓஷர், மெய்ன் மாநிலத்து போடின் கல்லூரியில் பயின்றவர். அவர் தொகையின் ஒரு பகுதியை, கல்லூரிகள் தாமே திரட்டும் நன்கொடைக்கு ஈடாகவே தருவதென நிபந்தனை விதித்தது, உறங்கிக்கிடந்த பல அறநிறுவனங்களைத் தட்டியெழுப்பியிருக்க வேண்டும். நியூயார்க் நகரின் பரோ ஆஃப் மன்ஹாட்டன் சமுதாயக் கல்லூரிக்கு ஃபிட்டர்மன் தம்பதியர் 1993இல் வழங்கிய பதினைந்து மாடிக் கட்டடம், 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உலக வணிக மையத்தின் ஏழாம் கட்டடம் சரிந்தபோது பாழ்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் எழுப்பப்பட்டு 2012இல் திறக்கப்பட்ட புதுக் கட்டடமும் அவர்கள் பெயரையே தாங்குகிறது. அதே கல்லூரிக்கு 2021இல் 3 கோடி டாலர் அளித்த மெக்கன்சி ஸ்காட் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்றவர். இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யப் பதக்கங்களும் விருந்துகளும் மட்டும் போதா. ஒரு பருவம் படித்துப் போனவரின் பெயரையும் முகவரியையும் பதிவேட்டில் காத்துவைத்திருக்கும் கல்லூரிக்கே அவரைத் தன் மாணவர் என்று உரிமையோடு அழைக்க இயலும்.