தோல்வி என்று தானே பெயரிட்டவர்: ஜஸ்பால் பட்டியின் தொலைக்காட்சி

1989ஆம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளைத் தூர்தர்ஷனின் 'மகாபாரத்' ஆட்கொண்டிருந்தது. மணிமுடிகளும் தேர்களும் நிறைந்த அந்தத் தொடர் ஓடிய காலத்திலேயே, மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பத்தே பகுதிகள் கொண்ட ஓர் இந்தித் தொடரும் அதே தூர்தர்ஷனில் வெளிவந்தது. அதன் பெயர் 'ஃப்ளாப் ஷோ'. எழுதி, இயக்கி, நடித்தவர் ஜஸ்பால் பட்டி. தயாரித்தவர் அவருடைய மனைவி சவிதா பட்டி. திரையிலும் அவர் மனைவியாகவே தோன்றினார்.

1955இல் அமிர்தசரசில் பிறந்த பட்டி, சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்றவர். மாணவப் பருவத்தில் 'நான்சென்ஸ் கிளப்' என்னும் குழுவைக் கொண்டு தெருநாடகங்கள் நடத்தினார். பின்னர் 'தி ட்ரிப்யூன்' நாளேட்டில் கேலிச்சித்திரங்கள் வரைந்தார். தொலைக்காட்சியில் அவருக்குப் பெயர் தேடித் தந்த 'உல்டா புல்டா' நிகழ்ச்சியில் அந்தக் கேலிச்சித்திரக்காரரின் கை தெரிகிறது: சில நிமிடங்களே நீளும் ஒரு காட்சி, அதற்குள் ஒரே ஒரு தலைகீழ் மாற்றம். தமிழ்ப் பேச்சிலும் குடியேறிவிட்ட 'உல்டா'வோடு 'புல்டா' என்னும் எதிரொலியைச் சேர்த்த அத்தலைப்பே நிகழ்ச்சியின் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது.

'ஃப்ளாப் ஷோ'வின் பொருள்கள் யாவும் அன்றாடத்தைச் சேர்ந்தவை. மருத்துவச் செலவை ஈடுபெறப் பொய் பில் தரும் அரசு ஊழியர், ஒப்பந்ததாரர், தொலைபேசி இணைப்பு, முடிவே இல்லாத அலுவலகக் கூட்டம். ஆய்வாளர்கள் மறக்கவியலாத பகுதி முனைவர் பட்டத்தைப் பற்றியது. அதில் ஆய்வேட்டைவிட நெறியாளரின் வீட்டு வேலைகளே மாணவனின் காலத்தைத் தின்கின்றன. முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அப்பகுதிக்கு அடிக்குறிப்பு தேவைப்படவில்லை என்பது பல்கலைக்கழகங்களுக்குப் பெருமை சேர்ப்பதன்று. கேலிக்கு ஆளாவோருக்கே காணிக்கை செலுத்தும் முன்னுரையும், திரைப்பாடல் மெட்டில் அமைந்த நையாண்டிப் பாட்டும் தொடருக்குத் தனி அடையாளங்களாயின.

அரசு ஒளிபரப்பு இத்தகைய கேலியை ஏன் அனுமதித்தது? தூர்தர்ஷன் அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்தது. பிரசார் பாரதி அமைந்தது 1997இல்தான். போஃபர்ஸ் விவகாரம் நாட்டை உலுக்கிய தேர்தல் ஆண்டில், சிறு அலுவலரின் ஊழலைப் பார்த்துச் சிரிப்பது ஆட்சியாளர்களுக்கு இடையூறாக இருந்திராது. இவ்விளக்கத்தில் உண்மை உண்டு. எனினும் அது பட்டியின் முக்கியமான தேர்வைக் காணத் தவறுகிறது. பாதிக்கப்பட்ட எளிய மனிதனின் இடத்தில் நின்று பிறரைச் சுட்டும் வழி அவருக்கு எளிதாக வாய்த்திருந்தது. ஆனால் பல பகுதிகளில் தவறு செய்பவனின் வேடத்தைத் தாமே ஏற்றார். அசையாத முகம், சீரான குரல், நியாயமாகத் தோன்றும் வாதம். அந்த மனிதன் தன்னைக் குற்றவாளியாகக் கருதுவதே இல்லை.

இதன் எடையை அறியப் பஞ்சாபை நினைக்க வேண்டும். 1984இன் படுகொலைகள் முடிந்து ஐந்தே ஆண்டுகள். மாநிலம் 1987 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. செய்திகளில் தலைப்பாகை அச்சத்தின் குறியாகவும், சினிமாவில் வீரத்தின் அல்லது கோமாளித்தனத்தின் குறியாகவும் இருந்தது. 'சர்தார்ஜி' நகைச்சுவைகளோ தனியொரு வகையாகவே புழங்கின. இச்சூழலில் தலைப்பாகை அணிந்த ஒருவர் நாடெங்கும் தெரியும் திரையில் பேராசிரியராக, அதிகாரியாக, கணவராக வந்தார். சிரிப்பு அவருடைய பதவியின் மீதும் பேராசையின் மீதும் விழுந்தது; தலைப்பாகையின் மீதோ பஞ்சாபி வாடை வீசும் இந்தியின் மீதோ விழவில்லை. சராசரி இந்தியனின் சில்லறைத்தனத்தில் சம பங்கு கோருவதும் ஒருவகைக் குடியுரிமைதான்.

எழுத்தும் இயக்கமும் நடிப்பும் ஒரே கையில் இருந்தமையால் இது இயன்றது. பிற்கால இந்திப் படங்கள் இதற்கு எதிர்ச்சான்று. 'ஃபனா' (2006) போன்ற படங்களில் பிறர் எழுதிய சிறு வேடங்களை அவர் ஏற்றபோது, அவர் விலக்கிவைத்திருந்த அதே 'வேடிக்கையான சர்தார்' மெல்லத் திரும்பி வந்தார். பஞ்சாபியில் தாமே இயக்கிய 'மாஹௌல் டீக் ஹை' (1999) அவருக்கு மீண்டும் சொந்தத் தளத்தைத் தந்தது; அதன் இலக்கு காவல்துறை. தெருவையும் அவர் விடவில்லை. விலைவாசி ஏறியபோது சண்டிகரில் காய்கறி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றைப் பரிசுகளாக அடுக்கி, வளையம் எறிந்து வெல்லுமாறு மக்களை அழைத்தார்.

கடைசிப் படம் 'பவர் கட்' பஞ்சாபின் மின்வெட்டைப் பற்றியது. மின்பொறியாளருக்குப் பொருத்தமான கரு. அதன் விளம்பரப் பயணத்தின்போது, 2012 அக்டோபர் 25 அன்று, ஜலந்தர் மாவட்டத்து ஷாகோட் அருகே நேர்ந்த சாலை விபத்தில் அவர் இறந்தார். மறுநாள் படம் வெளியானது. அடுத்த ஆண்டு, அவர் வாழ்நாளெல்லாம் கேலி செய்த அரசு அவருக்குப் பத்மபூஷண் அறிவித்தது.