பழகிய ஓசையும் சிலிக்கன் நரம்பும்

பேராக் மாநிலத்துத் தஞ்சோங் துவாலாங்கில் 1938 இல் கட்டப்பெற்ற ஈயக் கப்பல் 1982 வரை இயங்கியது. அத்தகைய பேரிரைச்சலும் அருகில் வாழ்வோர்க்கு நாளடைவில் பழகிப்போகும். அது நிற்கும் கணத்திலேதான் செவி விழித்துக்கொள்ளும்.

பழகும் இவ்வியல்பு தனி நரம்பிலும் உண்டு. 1926 இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் சோட்டர்மனும் தவளைத் தசையொன்றை இழுத்துப் பிடித்து, அதன் நரம்பில் எழும் மின்துடிப்புகள் வரவரக் குறைவதைப் பதிவு செய்தனர். மூளை நரம்பணுக்கள் பலவற்றில், துடிக்குந்தோறும் கால்சியம் உட்புகுகிறது. அதனால் பொட்டாசிய வாயில்கள் திறந்து அடுத்த துடிப்பைத் தாமதப்படுத்துகின்றன.

1991 இல் மிஷா மகோவால்டும் ராட்னி டக்ளசும் இவ்வியல்பைச் சிலிக்கன் சில்லில் மின்னோட்டங்களாகவே வடித்தனர். 2022 இல் வுல்ஃப்காங் மாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், இன்டெல் நிறுவனத்தின் லோய்ஹி சில்லில் அச்சோர்வையே குறுங்கால நினைவாகப் பயன்படுத்தினர். சற்றுமுன் துடித்த அணு சோர்ந்திருக்கும். அச்சோர்வே நிகழ்ந்ததற்குச் சான்று.

ஆகவே, பழகிப்போதல் மறதியன்று. அது நினைவின் ஒரு வடிவமே. ஒரே பாடத்தை ஒரே குரலில் ஓதக் கேட்டு மாணவன் கண்ணயர்ந்தால், குறை அவன் மூளையில் இல்லை. மாற்றத்தைத் தேடுவதே நரம்பின் இயற்கை என்பதை ஆசிரியர் உலகம் உணர்தல் வேண்டும்.