பண்டை எகிப்தின் ஈமநூல்கள்

எகிப்தின் ஈமநூல்கள் என்பன இறந்தவரோடு கல்லறையில் சேர்க்கப்பட்ட மந்திரங்கள், துதிகள், படையல் வாசகங்கள், மறுவுலக வழிப்படங்கள் ஆகியவற்றின் தொகுதிகள். ஏறத்தாழ கி.மு. 2350 முதல் கி.பி. 2ஆம் நூற்றாண்டு வரை இவை பிரமிடுச் சுவர், சவப்பெட்டியின் உட்பலகை, உடலைச் சுற்றிய துணி, பாப்பிரஸ் சுருள், மம்மியின் முகமூடி எனப் பலவற்றிலும் எழுதப்பட்டன. பிரமிடு நூல்கள், சவப்பெட்டி நூல்கள், இறந்தோர் நூல், பாதாள நூல்கள் என்று இவற்றை வகுத்துக் கூறுவது மரபு. இப்பகுப்பு இக்கால ஆய்வாளர் செய்துகொண்டது. எகிப்திய எழுத்தர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாராளமாக எடுத்தாண்டார்கள்.

அடிப்படை நம்பிக்கைகள்

மனிதன் பல கூறுகளால் ஆனவன் என்று எகிப்தியர் கருதினர். படையல் உணவை ஏற்பது ‘கா’. மனிதத் தலை கொண்ட பறவையாகப் பகலில் கல்லறையை விட்டுப் பறந்து, இரவில் உடலுக்குத் திரும்புவது ‘பா’. சடங்குகளும் மந்திரங்களும் கைகூடியபின் இறந்தவர் அடையும் ஒளிமிக்க நிலை ‘அக்’. இவற்றோடு நிழல், பெயர், இதயம் ஆகியவையும் அழியாமல் இருக்க வேண்டும். பெயர் அழிந்தால் ஆள் அழிந்தான். மறுவுலகில் மீண்டும் ஒருமுறை சாவது, அதாவது முற்றிலும் இல்லாமற் போவது, இந்நூல்கள் முழுவதிலும் நிழலாடும் அச்சமாகும்.

மறுமை பற்றிய எண்ணங்கள் இரு தெய்வங்களைச் சுற்றிச் சென்றன. ஒருவர், கொலையுண்டு மீண்டெழுந்து இறந்தோரின் அரசரான ஒசைரிஸ். மற்றவர், மாலையில் மூப்படைந்து பாதாளம் புகுந்து காலையில் இளமையோடு எழும் சூரியக் கடவுள் ரா. இவ்விரு மரபுகளையும் ஒன்றோடொன்று பொருத்திவைக்க எழுத்தர்கள் நெடுங்காலம் முயன்றனர்.

பிரமிடு நூல்கள்

இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழையவை, ‘பழைய அரசு’ எனப்படும் காலத்தில் 5ஆம் வம்சத்தின் கடைசி மன்னன் உனாஸ் சக்காராவில் எழுப்பிய பிரமிடின் உள்ளறைகளில் காணப்படுகின்றன. கூரையில் விண்மீன்கள், சுவர்களில் மேலிருந்து கீழாகச் செதுக்கி நீல வண்ணம் நிரப்பிய எழுத்து வரிசைகள். 6ஆம் வம்ச மன்னர்களான தேட்டி, முதலாம் பெப்பி, மெரென்ரா, இரண்டாம் பெப்பி ஆகியோரின் பிரமிடுகளிலும் இந்நூல்கள் உள்ளன. இரண்டாம் பெப்பியின் அரசியர் சிலரது பிரமிடுகளிலும் இவை இருப்பதால், மன்னனுக்கு மட்டுமே உரியவை என்ற பழைய கூற்று அப்படியே பொருந்தாது. மொழிநடை பல இடங்களில் உனாஸின் காலத்தைவிடப் பழையதாகத் தோன்றுகிறது. ஆகவே சுவரேறுமுன் இவை வாய்மொழியாகவோ பாப்பிரசிலோ வழங்கியிருக்கலாம்.

படையல் வாசகங்கள், பாம்பை விலக்கும் மந்திரங்கள், மன்னனை வானேற்றும் துதிகள் ஆகியவை இவற்றில் கலந்து வருகின்றன. மன்னன் தெய்வங்களையே வேட்டையாடிச் சமைத்து உண்டு அவர்களுடைய ஆற்றலைப் பெறுவதாகக் கூறும் பகுதி உனாஸ், தேட்டி ஆகிய இருவரின் பிரமிடுகளில் உள்ளது. இதை மிகப் பழைய பலிச் சடங்கின் எச்சம் என்பாரும், வெறும் உருவகம் என்பாரும் உண்டு. எந்த அறையிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. ஈமச் சடங்கினர் நுழைந்த வழியே வாயிலிலிருந்து உள்ளே படிப்பதா, எழுந்து செல்லும் மன்னனின் வழியே சவ அறையிலிருந்து வெளியே படிப்பதா என்பதே வழக்கு.

எழுத்துகளும் உயிருள்ளவை என்றே கருதப்பட்டன. சில பிரமிடுகளில் சிங்க வடிவ எழுத்து இரு துண்டாக வெட்டுண்டது போலவும், மனித வடிவம் தலையும் கையும் மட்டுமாகவும் செதுக்கப்பட்டுள்ளன. துயிலும் மன்னனுக்கு அவற்றால் தீங்கு நேரக் கூடாது என்ற கவலையே காரணம் என்பர். பழைய அரசுக்குப் பின்வந்த ‘மத்திய அரசு’க் காலத்தின் பிற்பகுதியில் சில சவப்பெட்டிகளில் பறவை எழுத்துகளுக்குக் கால்களே இல்லை.

சவப்பெட்டி நூல்கள்

பழைய அரசு சிதைந்தபின், மாகாண ஆளுநர்களும் அதிகாரிகளும் அவர்தம் மனைவியரும் தங்கள் மரப்பெட்டிகளின் உட்புறத்தில் மந்திரங்களை எழுதிக்கொண்டனர். அட்ரியான் டெ பக் 1935 முதல் 1961 வரை ஏழு தொகுதிகளில் வெளியிட்ட பதிப்பில் 1,185 மந்திரங்கள் உள்ளன. தெய்ர் எல்-பெர்ஷாவின் சவப்பெட்டிகளில் அடிப்பலகையில் ‘இரு வழிகளின் நூல்’ வரையப்பட்டிருக்கிறது. நீர்வழி ஒன்று, நிலவழி ஒன்று, இடையே நெருப்பு ஏரி. வாயில்களில் கத்தியேந்திய காவலர். மறுவுலகத்தின் மிகப் பழைய வரைபடம் என்று இதைச் சொல்வதுண்டு.

மன்னனின் மறுமை மக்களுக்கும் பரவியது என்று விளக்கி, இதை ‘மறுமையின் மக்களாட்சி’ என முந்தைய ஆய்வாளர்கள் அழைத்தனர். அந்நம்பிக்கைகள் பழைய அரசிலேயே மக்களிடம் இருந்தன, அவற்றை எழுதிவைக்கும் வழக்கம் மட்டுமே பின்னர் விரிந்தது என்று அண்மைக்கால ஆய்வாளர் பலர் மறுக்கின்றனர். எவ்வாறாயினும் பெட்டியும் எழுத்தும் பொருளுள்ளோர்க்கே கிட்டின. எளியோர் பாலைமணலில் எழுத்தின்றியே அடங்கினர்.

இறந்தோர் நூல்

ஈமநூல்களில் மிக விரிவான சான்றுகள் உள்ளது இதுவே. எகிப்தியர் இதைப் ‘பகலில் வெளிப்படுதல்’ என்ற பொருள்பட அழைத்தனர். ‘இறந்தோர் நூல்’ என்ற பெயர் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் லெப்சியஸ் 1842இல் இட்டது. அரசி மெந்துஹோதெப்பின் சவப்பெட்டியில் இதன் தொடக்க வடிவம் இருந்தது. அப்பெட்டி பிற்காலத்தில் தொலைந்துவிட்டது. நமக்கு உள்ளது எகிப்தியலாளர் வில்கின்சன் எடுத்து வைத்த படி மட்டுமே. ‘புதிய அரசு’க் காலத்தைத் தொடங்கிய 18ஆம் வம்சத்தின்போது, கி.மு. 15ஆம் நூற்றாண்டளவில், பாப்பிரஸ் சுருளில் எழுதும் வழக்கம் நிலைபெற்றது. இன்று ஏறத்தாழ 190 மந்திரங்கள் எண்ணிடப்பட்டுள்ளன. எந்தச் சுருளிலும் அத்தனையும் இல்லை. எவற்றைச் சேர்ப்பது, எந்த வரிசையில் வைப்பது என்பது புதிய அரசுக் காலத்தில் சுருளுக்குச் சுருள் மாறியது.

இச்சுருள்களைத் தேபஸ் போன்ற இடங்களின் பட்டறைகள் செய்தன. முதன்மை எழுத்து கரிய மையில். தலைப்பும் குறிப்பும் செம்மையில். சூரியனின் பகைவனான அபோபிஸ் பாம்பின் பெயரையும் சிவப்பில் எழுதுவதுண்டு. தொழிலாளர் ஊரான தெய்ர் எல்-மெதினாவில் ஒரு சுருளின் விலை ஒரு தெபன், அதாவது ஏறத்தாழ 91 கிராம் வெள்ளி என்று ஓர் ஓட்டுச்சில்லுக் குறிப்பு கூறுகிறது. தொழிலாளி ஒருவரின் அரையாண்டுக் கூலிக்கு இது ஈடாகும் என்று கணிக்கின்றனர். பெயருக்கு மட்டும் இடம் விட்டு முன்கூட்டியே எழுதிவைத்த சுருள்களும் விற்பனையாயின. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 1250ஐ ஒட்டிய அனியின் சுருள் கிட்டத்தட்ட 24 மீட்டர் நீளமானது. எழுத்தராகவும் அபிடோசின் களஞ்சியக் கண்காணிப்பாளராகவும் இருந்த அனியின் பெயர் பல இடங்களில் வேறொரு கையெழுத்தில் நிரப்பப்பட்டிருக்கிறது. பெயர் வேண்டிய இடம் வெறுமையாகவே நின்றுவிட்ட சுருள்களும் உள்ளன. யாரைக் காக்கவென்று எழுதினார்களோ அவருடைய பெயரே விடுபட்டுப்போன அந்த இடைவெளிகளைப் பார்க்கையில், மற்றெல்லாச் சித்திரங்களையும்விட அவையே மனத்தில் தைக்கின்றன.

17ஆம் மந்திரம் தனிச் சிறப்புடையது. படைப்புக் கடவுளின் கூற்றாக ஒரு வரி வரும். உடனே ‘அது யாது?’ என்ற கேள்வி, பின் விடை, அதன்பின் ‘இன்னொரு வகையில்’ என மற்றொரு விடை. மூலமும் உரையும் பாடவேறுபாடும் ஒன்றாகவே எழுதப்பட்டு, எல்லாம் சேர்ந்து மந்திரமாயின. எந்த விளக்கத்தையும் எழுத்தர்கள் தள்ளவில்லை.

மிகப் பெயர்பெற்றது 125ஆம் மந்திரம். இறந்தவர் ‘இரு மாத்’களின் மண்டபத்தில் நுழைகிறார். மாத் என்பது வாய்மை, நேர்மை, உலக ஒழுங்கு எல்லாமான தெய்வம்; இறகு அவள் அடையாளம். 42 நடுவர்களை ஒவ்வொருவராகப் பெயரும் ஊரும் சொல்லி விளித்து, தாம் செய்யாத குற்றங்களை அவர் எடுத்துரைக்கிறார். திருட்டும் கொலையும் மட்டுமல்ல. துலாக்கோலில் ஏமாற்றியதில்லை, குழந்தைகளின் வாயிலிருந்து பாலைப் பறித்ததில்லை, ஓடும் நீரை அணையிட்டு மறித்ததில்லை என்கிறார். நைலின் வாய்க்கால்களை நம்பி வாழ்ந்தவர்கள் கொலையோடு ஒருசேர நிறுத்திய குற்றம் அந்தக் கடைசி ஒன்று. இம்மந்திரம் அறநெறிச் சோதனையா, அல்லது சொன்ன மாத்திரத்தில் குற்றத்தைக் கழுவும் மாயச் சொல்லா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கோயிலில் நுழையும் பூசாரிகள் எடுத்த உறுதிமொழியிலிருந்து இது வளர்ந்ததாகச் சிலர் கருதுகின்றனர். சோதனை, மாயச் சொல் ஆகிய இரண்டும் ஒருங்கே உண்மையாயிருக்கலாம்.

ஓவியங்களில் அனூபிஸ் தராசைச் சரிபார்க்கிறார். ஒரு தட்டில் இதயம், மறுதட்டில் மாத்தின் இறகு. தோத் முடிவை எழுதுகிறார். முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித், தோற்ற இதயத்தை விழுங்கக் காத்திருக்கிறாள். கிடைக்கும் சுருள்களில் உடையவர் எவரும் தோற்பதாகக் காட்டப்படுவதில்லை. தராசு நின்றபின்னும் வழி திறப்பதில்லை. கதவின் தாழும் நிலையும் தங்கள் பெயரைக் கேட்கின்றன. கடைசியில் மண்டபத்தின் தரை, தன்மேல் மிதிக்கவிருக்கும் கால்களின் பெயரைச் சொல்லும்படி கேட்கிறது. வலக்காலுக்கு ஒன்றும் இடக்காலுக்கு ஒன்றுமாகப் பெயர் சொன்ன பிறகே நடக்கவிடுகிறது.

தம் இதயமே தமக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடுமோ என்ற அச்சத்துக்கு 30B மந்திரம் மருந்து. பச்சைக் கல்லாலான வண்டு வடிவில் அதைப் பொறித்து மம்மியின் மார்பில் வைத்தனர். பழங்கால மன்னன் மெங்கவுராவின் காலத்தில் இளவரசன் ஹோர்தெதெஃப் இதைக் கெமெனு நகரில் கண்டெடுத்ததாகச் சில சுருள்களின் செம்மைக் குறிப்பு கூறுகிறது. பழமை கற்பிக்கும் முயற்சி இது என்பதே பொதுவான கருத்து. 6ஆம் மந்திரம் ஷப்தி என்னும் சிறு பதுமைகளுக்கானது. மறுவுலகில் உழவுக்கோ மணல் சுமக்கவோ அழைப்பு வந்தால் உடையவருக்குப் பதில் அவை முன்வர வேண்டும். மன்னன் தூத்தன்காமுனின் கல்லறையில் இப்படி 413 பதுமைகள் இருந்தன. நாளுக்கொருவராக 365 பேர், மேற்பார்வைக்கு 36 பேர், மாதத்துக்கொரு தலைவராக 12 பேர். இவர்கள் பாடுபடும் இடம் ‘நாணல் வயல்’. ஆளுயரத்துக்கு மேல் வளரும் பயிரும் நிறைந்த வாய்க்காலும் உள்ள எகிப்து அது.

பாதாள நூல்கள்

புதிய அரசின் மன்னர்கள் அரசர் பள்ளத்தாக்கில் தங்கள் கல்லறைகளுக்கு வேறு நூல்களை வைத்துக்கொண்டனர். இவற்றுள் பழையது அம்துவாத். இரவின் 12 மணி நேரங்களில் சூரியப் படகு பாதாளம் கடப்பதை அது வரைகிறது. இந்நூல் எழுதப்பட்ட மூன்றாம் துத்மோசின் சவ அறை முட்டை வடிவினது. கோட்டுருவங்கள் நிறைந்த அதன் சுவர், விரித்த பழஞ்சுருள் போலத் தோன்றும். நான்காம் மணியில் நீர் வற்றி மணலாகிறது. படகே பாம்பாகி ஊர்ந்து செல்கிறது. ஆறாம் மணியில் ராவும் ஒசைரிசும் ஒன்றாகின்றனர். பன்னிரண்டாம் மணியில் படகின் தெய்வங்கள் பெரும்பாம்பொன்றின் வாலில் முதியோராய்ப் புகுந்து வாய்வழியே இளையோராய் வெளிவருகின்றனர். மன்னருக்குரிய இந்நூலை அமைச்சர் உசெரமூனும் தம் கல்லறையில் எழுதிக்கொண்டது விதிவிலக்கு. ‘வாயில்களின் நூல்’ முழுமையாக முதலாம் சேட்டியின் அலபாஸ்டர் பெட்டியில் உள்ளது. பெல்சோனி 1817இல் கண்டெடுத்த அது லண்டன் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இடையில், சூரிய வட்டான ஆத்தனை முன்னிறுத்திய 18ஆம் வம்ச மன்னன் அக்கெநாத்தனின் ஆட்சியில் ஒசைரிஸ் பெரும்பாலும் மறைந்தார்; ஆனால் ஷப்திகள் தொடர்ந்தன.

நம்பிக்கையும் ஐயமும்

எல்லோரும் ஒரே உறுதியோடு நம்பினர் என்று கொள்வதற்கில்லை. மன்னன் இன்டெஃபின் கல்லறையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் யாழிசைப் பாடல், அங்கே சென்றவர் எவரும் திரும்பிச் செய்தி சொல்லவில்லை என்கிறது. பேரறிஞர்களின் கல்லறைகளும் இடிந்து கிடப்பதாக எடுத்துக்காட்டும் இரு பெயர்களுள் ஒன்று ஹோர்தெதெஃப். இப்பாடலின் காலம் பற்றி வழக்கு உண்டு. மறுபுறம், இறந்தோர் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள் என்ற எண்ணமும் வலுவாக இருந்தது. லெய்டனில் உள்ள 19ஆம் வம்சப் பாப்பிரஸ் ஒன்றில், கணவர் தம் இறந்த மனைவி அங்கிரிக்கு எழுதுகிறார். உயர் பதவி வந்தபின்னும் உன்னைக் கைவிடவில்லை, நோயுற்றபோது தலைமை வைத்தியரை வரவழைத்தேன், உன் உடலைச் சுற்றத் துணி தந்தேன், மூன்றாண்டாகத் தனித்தே இருக்கிறேன், பின் ஏன் என்னை வருத்துகிறாய் என்பது அதன் சாரம். பெட்டிக்குள் வைத்த நூல்களில் இல்லாத துயரம் இக்கடிதத்தில் இருக்கிறது.

பிற்காலம்

21ஆம் வம்சத்தில் தேபஸ் பூசாரிக் குடும்பங்கள் நேர்த்தியான சுருள்களைச் செய்வித்தன. அவர்களுள் நெசிதானெபிஷெருவின் சுருள் 37 மீட்டர் நீளமுடையது. 22ஆம் வம்சத்தில் வழக்கம் தளர்ந்தது, காரணம் தெளிவாகவில்லை. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் 26ஆம் வம்சத்தின் போது மந்திரங்கள் ஏறக்குறைய நிலையான வரிசை பெற்றன. லெப்சியஸ் கொடுத்த எண்கள் இவ்வரிசையைப் பின்பற்றிய தொலமிக் காலத் துரின் சுருளிலிருந்தே வந்தவை. பின்னர் ‘மூச்சின் நூல்கள்’ என்னும் சிறு நூல்கள் இடம்பிடித்தன. ஆயினும் ரோமப் பேரரசர் நீரோவின் 10ஆம் ஆட்சியாண்டான கி.பி. 63இல் தெமோதிக் எழுத்தில் இறந்தோர் நூலின் ஒரு படி எழுதப்பட்டது.

ஆய்வு

பிரமிடுகள் ஊமை, அவற்றுள் எழுத்தே இல்லை என்று நம்பியிருந்தவர் எகிப்தியலாளர் மரியெத். 1880–81இல் பெப்பி, உனாஸ் முதலியோரின் பிரமிடுகள் திறக்கப்பட்டதும் மாஸ்பெரோ அவற்றைப் படியெடுத்தார். குர்த் செத்தேயின் பதிப்பு (1908–1922) இன்றும் எண்ணிடலுக்கு அடிப்படை. இறந்தோர் நூலின் புதிய அரசுக்காலப் படிகளை ஒப்பிட்டு எதுவார் நாவில் 1886இல் வெளியிட்டார். அனியின் சுருளை 1888இல் வாங்கிய வாலிஸ் பட்ஜ் அதை 37 துண்டுகளாக வெட்டினார். சில சித்திரங்கள் வெட்டில் பிரிந்தன; ஒரே நீட்சியாக அதை இனி விரிக்க முடியாது. 2022இல் சக்காராவில் கிடைத்த, இறந்தோர் நூலின் 16 மீட்டர்ச் சுருள், 2023இல் கெய்ரோ அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.