சபுராளியின் குடும்பக் கணக்கு

கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாபட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எனப் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் அமைந்த நம் ஊர்களில், பொருளீட்ட வெளிநாடு செல்வதைச் 'சபுர்' என்பர்; சென்றவர் சபுராளி. பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லே நம் நாவில் இவ்வாறு மருவியது. போனவர் ஒருநாள் ஊர் திரும்புவார் என்பது அச்சொல்லின் உட்பொருள். நம் முன்னோர் அந்த உட்பொருளை வைத்தே குடும்பக் கணக்கை எழுதினர். இன்று நாம் அதனை மறந்து வருகிறோமோ என்னும் கவலையே இவ்வரலாற்றைத் திரும்பிப் பார்க்கத் தூண்டுகிறது.

1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம்மவர்களை ஏற்றிச் சென்றது. அதன் பின்னர் அத்தடத்தில் ஓடிய 'சிதம்பரம்' கப்பலின் பயணம் 1985ஆம் ஆண்டுத் தீவிபத்தோடு முடிந்தது. அக்கப்பல்களில் ஏறியவர்களுள் பெரும்பாலோர் தனி ஆடவர். மளிகைக்கடையிலும் உணவுக்கடையிலும் உழைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் வந்து சென்றனர். பிள்ளைகள் பள்ளிவாசல் மத்ரஸாவில் ஓதினர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தனர். நோயுற்றால் நாட்டு வைத்தியரோ அரசு மருத்துவமனையோ துணை. ஆகவே, கல்வி, மருத்துவம் என்னும் இரு செலவுகளும் அயல்நாட்டுச் சம்பளத்தைத் தின்னவில்லை. அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார். கணவனைப் பிரிந்து, பிள்ளைகளைத் தனியே வளர்த்து ஆளாக்கிய நம் பாட்டிமார்களே அவர்கள். அந்தப் பிரிவை எந்தக் கணக்குப் புத்தகமும் பதிவு செய்யவில்லை.

குடும்பத்தோடு சென்றவர்களும் அக்காலத்தில் இருந்தனர். நெல்லைச் சீமையின் கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் சென்ற முஸ்லிம்கள் மனைவி மக்களுடன் அங்கே வாழ்ந்தனர். பிள்ளைகளின் கல்விக்கு அவர்கள் கண்ட வழி, 1946இல் தாமே ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அது உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி எனப் பெயர் பெற்று, 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982இல் மூடப்படும்வரை பல தலைமுறைகளுக்குக் கல்வி தந்தது. தனியொரு குடும்பத்தால் தாங்க இயலாத செலவைச் சமுதாயம் தன் தோளில் ஏற்றிக்கொண்டதற்கு இது சான்று.

'தற்காலிகம்' என்னும் சொல் சட்டத்தின் வழியாகவே நம் வாழ்வில் நுழைந்தது. 1953இல் மலாயாவின் குடிநுழைவு விதிகள் இறுகின. மலேசியா 1968இல் இயற்றிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் அனுமதி பெற்றே பணிபுரிய வேண்டும் என்றது. பல்லாண்டுகள் ஒரே கடையில் நின்றவர்கூட அன்றுமுதல் தற்காலிகத் தொழிலாளியானார். பலர் ஊர் திரும்பினர்.

1973க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடாவின் கதவு திறந்தபோது, அந்தத் தற்காலிகமே பொதுவிதியாயிற்று. பஹ்ரைனில் 1950இலும், துபாயில் 1961இலும், ஜித்தாவில் 1969இலும் இந்தியப் பள்ளிகள் தோன்றியிருந்தன. ஊர் திரும்பினாலும் படிப்பு அறுபடாதபடி இந்தியப் பாடத்திட்டத்தை இன்று அவை கற்பிப்பது பெரும் நன்மையே. ஆனால் அவை கட்டணப் பள்ளிகள். பேருந்து, புத்தகம், சீருடை என ஒவ்வொன்றுக்கும் தனிச்செலவு உண்டு.

அண்மைக்கால விதிகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சவூதி அரேபியா 2017 ஜூலையில், உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. அது ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியாலை எட்டியது. மனைவியும் இரு பிள்ளைகளும் உடனிருந்தால், ஆண்டுக்கு 14,400 ரியால். பள்ளிக் கட்டணத்தின் முதல் ரியாலைச் செலுத்துவதற்கு முன்னரே இத்தொகை கரைந்துவிடும். துபாயின் 2013ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, தொழிலாளியின் காப்பீடு முதலாளியின் கடமை. மனைவி மக்களின் காப்பீடோ அவர்களை அழைத்து வந்தவரின் பொறுப்பு. சிங்கப்பூரிலும் வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரிபவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்பீட்டை 2023 ஜூலை முதல் முதலாளி எடுத்தாக வேண்டும். ஆனால் அச்சீட்டில் குடும்பத்தை அழைத்து வரவே இயலாது.

விட்டுச் செல்லும் நன்மைகளும் ஒருவகைச் செலவே. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு அரசு 2020இல் அளித்தது. 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இடையில் சில வகுப்புகளை வளைகுடாவில் படித்துத் திரும்பும் பிள்ளை இவ்வுரிமைகளை இழக்க நேரும். புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தாத்தா காலத்து ஊர் அன்று. வசதி கூடிய ஊரையே நாம் விட்டுச் செல்கிறோம்.

அதனால் குடும்பத்தை அழைத்துச் செல்லலாகாது என்று நாம் கூறவில்லை. கணவனும் மனைவியும் ஒருங்கே வாழ்வதும், பிள்ளை அத்தாவின் நிழலில் வளர்வதும் இறைவனின் அருட்கொடை. பாட்டிமார்களின் தனிமையை நம் பெண்மக்கள்மீது மீண்டும் சுமத்துவது நீதியாகாது. ஆயினும், குடும்பத்தலைவரின் வேலை போனால் மனைவி மக்களின் விசாவும் போகும். அது கல்வியாண்டின் நடுவிலும் நேரலாம். குடும்பத்தைப் பராமரிக்கும் நஃபகாக் கடமையில், அந்நாளுக்கான முன்னேற்பாடும் அடங்கும். குறைந்தது ஓராண்டுப் பள்ளிச் செலவும் திரும்பும் பயணச் செலவும் கையிருப்பில் இருக்கட்டும். காப்பீட்டில் மகப்பேறும் பழைய நோய்களும் அடங்குமா என்பதைப் புறப்படும் முன்னரே கேட்டறிவோம். அயல்நாட்டில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்போம். திரும்பும் நாளில் அதுவே அதற்குப் பாலமாகும்.

ஜமாஅத்திற்கும் இதில் பங்குண்டு. 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும், 1955இல் நம் அண்டை ஊரான அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியையும் எழுப்பியவர்கள், தம் பொருளைப் பிறர் பிள்ளைகளின் கல்விக்கு வக்ஃபாகத் தந்தவர்களே. பாதியில் படிப்பை விட்டுத் திரும்பும் ஒரு பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்த்துவிடவும், ஓராண்டுக் கட்டணத்தைப் பைத்துல்மாலிலிருந்து ஏற்கவும் நம் ஊர்களால் இயலும்.

சபுர் என்பது திரும்பி வரும் பயணம். திரும்பும் நாளையும் கணக்கில் எழுதிவிட்டுப் புறப்படுவோம். நம் பயணங்களிலும் இல்லங்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக; ஆமீன்.