கொல்லிமலையின் கெட்ட காற்று

கொல்லிமலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சிரித்தே ஆளைக் கொல்லும் பாவையின் கதைதான் பிரபலம்; கொல்லிப்பாவை சங்கப் பாடல்களிலேயே வருகிறாள். வெள்ளைக்காரர் காலத்தில் அந்தப் பாவையின் வேலையைக் காய்ச்சல் எடுத்துக்கொண்டது. பக்கத்து ஏற்காடு காப்பித் தோட்டமும் பங்களாவுமாக மாறியபோது, கொல்லிமலையில் இரவு தங்கவே அதிகாரிகள் யோசித்தார்கள்.

குற்றவாளி யார்? காற்று. 'மலேரியா' என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். அழுகும் இலையிலிருந்தும் சதுப்பிலிருந்தும் கனமான நச்சாவி கிளம்பி, இரவில் தரையோடு தேங்கி நிற்கும் என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். மாடியில் தூங்கு, ஜன்னலைச் சாத்து, முடிந்தால் மேட்டுக்குப் போ. இதுதான் வைத்தியம்.

சரி, ஆவி கனமானது என்றால் கீழேதானே கிடக்கணும்? 1000 மீட்டருக்கு மேல் இருக்கிற கொல்லிமலைக்கு அது எப்படி ஏறியது?

கணக்கைப் பார்ப்போம். காற்றின் சராசரி மூலக்கூறு நிறை 29. நீராவிக்கு 18. அதாவது ஈரக்காற்று, அதே வெப்பநிலையில் உள்ள வறண்ட காற்றைவிட லேசானது. நம் உடம்பு சொல்வதற்கு நேர் எதிர். சதுப்பில் குமிழியிடும் மீத்தேனுக்கு 16. அதுவும் மேலேதான் போகும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு 34, கரியமில வாயு 44. இவை கனமானவைதான். ஆனாலும் திறந்தவெளியில் அடுக்கடுக்காகப் படிவதில்லை.

ஏன் படிவதில்லை என்ற கேள்வி ஜான் டால்டனையும் குடைந்தது. ஆக்சிஜன் 32, நைட்ரஜன் 28. கனமானது அடியில் தங்கியிருக்க வேண்டாமா? வாயுக்கள் ஒன்றுக்குள் ஒன்று பரவிவிடுகின்றன என்று 1801 வாக்கில் அவர் விளக்க முயன்றார். லேசான வாயு வேகமாகப் பரவும் என்பதை 1830களில் தாமஸ் கிரகாம் விதியாகவே எழுதினார். அதன்படி கரியமில வாயுவைவிட மீத்தேன் சுமார் 1.7 மடங்கு வேகம். ஒருமுறை கலந்துவிட்டால் எடையை வைத்து மறுபடி பிரிவதில்லை.

அப்படியானால் பாழுங்கிணற்றில் இறங்குபவர் சாவது எப்படி? அங்கே வாயு அடியிலேயே உண்டாகிறது; கலக்கிவிடக் காற்றோட்டம் இல்லை. கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்த்த நம் ஆட்களுக்கு மூலக்கூறு எடை தெரியாது. விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது என்று மட்டும் தெரியும். 1984 டிசம்பரில் போபாலிலும் இதே கனம்தான் கொன்றது. மீத்தைல் ஐசோசயனேட்டின் நிறை 57, காற்றைப்போல இருமடங்கு. குளிர்ந்த இரவில் அது தரையோடு தவழ்ந்து குடிசைகளுக்குள் போனது. கனமான நச்சுக்காற்று என்பது வெறும் கற்பனை இல்லை. மலேரியாவுக்குத்தான் அது பொருந்தவில்லை.

1897இல் ஊட்டிக்கு வந்த ரொனால்ட் ராஸ், சீகூர் பள்ளத்தாக்குக்குப் போய்த் தானே காய்ச்சலில் விழுந்தார். அதே வருடம் ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டார்.

தென்னிந்திய மலைப்பகுதிகளில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசு அனாபிலிஸ் ஃப்ளூவியாட்டிலிஸ். அது நாறும் சதுப்பைத் தேடுவதில்லை. மெதுவாக ஓடும் தெளிந்த ஓடைநீரில்தான் முட்டையிடுகிறது.